லிட்டருக்கு ஒன்பதரை

என் கொழுந்தனார் பொய் சொன்னார். என் வண்டி லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். பாதிப் பேர் தொட்டியத்தில் வாழை போடுகிறவர்கள். மீதிப் பேர் திருச்சியிலும் வெளியூரிலும் வேலையில் இருக்கிறவர்கள். ஒருத்தர் விடாமல் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். என் ஆத்திரமே அதில்தான்.

வண்டிக்கு வயது பதினேழு. சின்னக் கார். பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. புதுப்பித்து வைத்திருக்கிறோம். வாங்கியது என் வீட்டுக்காரர். அவருக்குக் கண்ணில் நரம்பு போய்விட்டது. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அவர் சாவியைக் கீழே வைத்த வருடம்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு ஐம்பத்து நாலு வயது. டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் நாளே, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்டார். உங்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, கிளட்ச் எது என்று காட்டுங்கள் என்றேன். காட்டினார்.

இந்த வண்டியில்தான் என் தொழில் ஓடுகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒன்பது வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும். சில வீட்டில் ஒருத்தர் மட்டும். ஒன்பது டிபன் கேரியர், ஒரு கட்டு வாழையிலை, ரசத்துக்கு ஒரு தூக்கு. உத்தர வீதி, சித்திரை வீதி என்று சுற்றி திருவானைக்காவலில் கடைசி வீடு. பன்னிரண்டரைக்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள். வண்டி போனால் இந்தச் சாப்பாடு போகும். ஸ்கூட்டியில் ரசம் கொண்டுபோகிறவர்கள் இருந்தால் வந்து எனக்குக் காட்டட்டும்.

ஒன்பதரைக்கு வருகிறேன்.

தொட்டியத்தில் ஒரு காதுகுத்து. என் வீட்டுக்காரருக்குப் பங்காளி வீடு. எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் கொழுந்தனாரும் அவர் மனைவியும் எங்கள் வண்டியிலேயே வருவதாக முடிவானது. அவருக்கும் ஒரு வண்டி இருக்கிறது, ஆனால் வெளியூர் என்றால் எங்கள் வண்டிதான். முந்தின நாள் போன் பண்ணினார்.

"அண்ணி, நாளைக்கு நான் ஓட்டுறேன். இந்த வண்டி உண்மையிலேயே எவ்வளவு குடுக்குதுன்னு பாத்துருவோம். நீங்க பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கீங்க."

"பாருங்க தம்பி" என்றேன்.

எங்கள் ஊரில் கார் வைத்திருக்கிறவரிடம் முதல் கேள்வி இதுதான். எவ்வளவு குடுக்குது? மாடு வைத்திருப்பவரிடம் பால் கேட்பது போலக் கேட்பார்கள். மாட்டுக்கு என்ன போட்டாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

காலையில் ஏழு மணிக்கு வந்தார். என் வீட்டுக்காரரை முன்சீட்டில் உட்காரவைத்து, "அண்ணனும் நானும் போயி டேங்க் ஃபுல் பண்ணிட்டு வரோம், நீங்க ரெடியாகுங்க" என்று பெட்ரோல் பங்குக்குப் போனார். திரும்பி வந்து என்னையும் அவர் மனைவியையும் பக்கத்து வீட்டு அத்தையையும் ஏற்றிக்கொண்டார். ஐந்து பேர். போகும்போது ஏ.சி., வரும்போதும் ஏ.சி. வரும்போது பங்காளி வீட்டில் கொடுத்த வாழைத்தார் ஆறு. டிக்கி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினோம். ஸ்ரீரங்கம் வந்ததும் பெண்களையும் தார்களையும் வீட்டில் இறக்கிவிட்டு, மறுபடி அண்ணனும் தம்பியும் மட்டும் அதே பங்குக்குப் போனார்கள். போய்வந்து கொழுந்தனார் வாசலிலேயே நின்று போனைத் தட்டினார். மொத்தம் ஓடியது நூற்று நாலு கிலோமீட்டர். திரும்பப் பிடித்தது பதினொரு லிட்டர். வகுத்தால் ஒன்பதரைக்குக் கொஞ்சம் கீழே. பெருந்தன்மையாக அரை போட்டார்.

வீட்டுக்குள் நாங்கள் தாரை அடுக்கி முடிப்பதற்குள் குழுவில் செய்தி வந்துவிட்டது. பங்கு மீட்டரின் போட்டோ, கூடவே ஒரு வரி: "அண்ணி கார் 9.5. லாரி இதைவிடப் பரவாயில்லை."

சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. பெங்களூரில் இருக்கும் என் மகனும் ஒன்று போட்டான்.

அடுத்த மாதம் கொழுந்தனார் மகளுக்கு வளைகாப்பு. எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஹால். பந்தியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எதிரில் எங்கள் ஆட்கள் இருபது பேர். கொழுந்தனார் சாம்பார் வாளியோடு வந்தார். வந்தவர் இலைக்கு ஊற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே.

"எங்க அண்ணி இருக்காங்களே, ஒன்பது வீட்டுக்குச் சாப்பாடு போடுறாங்கன்னு நெனைக்கிறீங்க. பத்தாவதா ஒரு ஆள் இருக்கு. அந்த வண்டி. அதுக்கும் இவங்கதான் ஊட்டுறாங்க."

பந்தியே சிரித்தது. ஒரு பெரியப்பா, "பொம்பளைங்க ஓட்டுனா அப்படித்தான்ப்பா, கியரே மாத்த மாட்டாங்க" என்றார். அவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

"நல்லா பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? சும்மா கண்ணால பாத்துச் சொல்லல. வண்டியை ஆட்டி ஆட்டி, வாய் வரைக்கும் நிரப்பிப் பாத்தேன். ஒரு சொட்டு எடம் இல்ல. அவ்வளவு துல்லியம்."

இந்த ஆட்டுகிற விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்கில் பெட்ரோல் ஊற்றும்போது டேங்க் நிரம்பியதும் குழாய் டக்கென்று தானாக நிற்கும். ஆனால் அதற்கு மேலும் டேங்க்கில் இடம் இருக்கும், காற்று அடைத்துக்கொண்டிருக்கும். வண்டியின் பக்கத்தில் நின்று கூரையைப் பிடித்துக் குலுக்கினால் காற்று வெளியே வரும், மேலும் ஊற்றலாம். மைலேஜ் பார்க்கிற ஆட்கள் இப்படி ஆட்டித்தான் நிரப்புவார்கள். ஆட்டக்கூடாது, வழியும் என்று பங்கில் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை. கொழுந்தனார் அன்று பந்தியில் சொன்ன அந்த ஒரு வார்த்தை, ஆட்டி ஆட்டி என்பது, எனக்குப் பிறகு உதவியது. அவர் வாயால் அவரே சொன்னது.

கை கழுவிக்கொண்டிருக்கும்போதே விஷயம் வெளியே வந்தது. அவர் மகன் புதுக் கார் புக் பண்ணியிருக்கிறான். பழைய வண்டி ஒன்றைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் என்று குறைப்பார்களாம். அவருடைய வண்டி நன்றாக ஓடுகிறது, அதைக் கொடுக்க மனசில்லை. "உங்க வண்டியைக் குடுத்துருவோம் அண்ணி. ஒன்பதரை குடுக்குற வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்கு ஆட்டோ வச்சுக்கலாம்." என் மகனிடம் முன்னாலேயே பேசிவிட்டார்கள். அவனும் போனில், "சித்தப்பா சொல்றது சரிதான்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு" என்றான். டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்ட அதே கேள்வி. என் வயிற்றில் பிறந்தது கேட்கிறது.

ஆர்.சி. புத்தகம் என் வீட்டுக்காரர் பெயரில். கையெழுத்து அவர் போட வேண்டும். அவர் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பி சொன்னால் போட்டுவிடுவார். புது வண்டி வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு மாதம் எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

முதலில் மெக்கானிக். திருவானைக்காவல் தாண்டி ஒரு தகரக் கொட்டகை, அங்கே ஒரு பாய். அதிகம் பேசமாட்டார். பேசினால் குத்தும். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒன்பதரையா? அவ்வளவு குடிச்சா வண்டி பின்னாடி புகை கக்கணும், வாடை அடிக்கணும். ஒண்ணையும் காணோம்" என்றார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்ளிடம் பக்கம் ஒரு சுற்று போய்வந்தார். பிரேக்கே அதிகம் போடவில்லை. வந்து நிறுத்தியதும், "இறங்குங்கம்மா. தோசைக்கல்லு காஞ்சிடுச்சான்னு எப்படிப் பாப்பீங்க?"

"கையைக் கிட்ட கொண்டுபோவேன்."

"நாலு வீலுக்கும் அப்படிப் பாருங்க. தொட்டுராதீங்க."

மூன்று வீல் சும்மா இருந்தது. பின்னால் இடது பக்கம் ஊத்தப்பம் ஊற்றலாம். பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. பிரேக் போட்டபடியே இழுத்துக்கொண்டு ஓடும் வண்டி என்ன கொடுக்கும்?

"யாரு வண்டியைக் கழுவுறா?"

"எங்க வீட்டுக்காரர். தெனமும்."

"கழுவிட்டு?"

"ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டு நிறுத்திருவார்."

"அதான். தண்ணி உள்ள நிக்குது. பிரேக் ஷூ அப்படியே ட்ரம்மோட ஒட்டிக்குது, கேபிள் துருப்பிடிச்சிருச்சு. கழுவுனா ஒரு தெரு ஓட்டி பிரேக்கைக் காய வைங்க. சம தரையில கியர்ல போட்டு நிறுத்துங்க, சக்கரத்துக்குக் கல்லு வைங்க. ஹேண்ட் பிரேக் வேணாம்."

வீட்டில் போய் என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். கண் போன பிறகு அவர் அந்த வண்டிக்குச் செய்கிற ஒரே வேலை கழுவுவது. கையால் தடவித் தடவிக் கழுவுவார். எங்கே புதிதாகக் கீறல் விழுந்தாலும் என்னிடம் கேட்பார். மறுநாள் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. கழுவுங்கள், ஒரு சுற்று போய்வருவோம் என்றேன். அதிலிருந்து காலையில் எனக்குப் பக்கத்தில் அவரும் ஒரு சுற்று வருகிறார்.

கொட்டகையில் அன்று பாய் அடுத்து முன்னால் பானெட்டைத் திறந்தார். காற்று இழுக்கும் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. என் வாழையிலை, நார் நாராகக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. ஃபில்டர் கறுப்பு.

"எலிக்கும் நீங்கதான் மெஸ் நடத்துறீங்களா?"

அந்த இலைக்கட்டை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனது நான். அதை மறைக்கவில்லை.

டயரில் காற்று பார்த்தார். நாலிலும் குறைவு. எப்போது அடித்தீர்கள் என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணுக்கு உருண்டையாகத்தானே இருந்தது என்றேன். "கண்ணுக்குத் தெரியிற மாதிரி சப்பிச்சுன்னா அது பஞ்சர்மா. அதுக்கு முன்னாடி பாக்கணும்." பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, காலையில் டயர் சூடாவதற்கு முன். கதவு இடுக்கில் எவ்வளவு என்று ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை.

பிறகு டிக்கியைத் திறந்தார். நாலு பெட்டி டைல்ஸ்.

"என்னம்மா, வீடு கட்டுறீங்களா?"

"எங்க கொழுந்தனாரோடது. மாடி எடுக்குறார். கடையில இருந்து கொண்டுவந்தப்ப மிஞ்சுனது. அப்புறம் எடுத்துக்கறேன்னார்."

"எத்தனை நாளாச்சு?"

"ஆறு மாசம்."

"அவர் வீட்டை நீங்க ஏன் இழுத்துக்கிட்டுத் திரியறீங்க?"

காதுகுத்துக்குப் போன அன்றும் அந்த டைல்ஸ் உள்ளேதான் இருந்தது. அவர் பெட்டியை அவரே ஏற்றிக்கொண்டு போய், வண்டி இழுக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். நாலையும் இறக்கி என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். போன் பண்ணிச் சொன்னேன். "இருக்கட்டும் அண்ணி, என்ன அவசரம்" என்றார்.

வண்டி சரியாகிவிட்டது. பிறகு என் கால். பாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னதெல்லாம் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிறேன். இரண்டாவது கியரிலேயே கத்த விடுகிறேன். முன்னால் போகிறவர் பிரேக் போட்டால்தான் நானும் போடுகிறேன், அதுவரை ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன். பெரியப்பா சொன்னது கால்வாசி சரி. அது பொம்பளை என்பதால் இல்லை. எனக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுத்ததில் ஒன்று கொழுந்தனாருடையது. ஜங்ஷன் பக்கம் பாலம் இறங்கும்போதெல்லாம், "நியூட்ரல் போட்டு விடுங்க அண்ணி, சொட்டு பெட்ரோல் செலவாகாது" என்று பின்சீட்டில் இருந்து சொல்வார். ஏழு வருடமாக அதைச் செய்தேன். பாய் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அது அந்தக் கால வண்டிக்கு. இந்த வண்டியில் கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க ஊற்றிக்கொண்டே இருக்கும். பிரேக்கும் தேயும். ஏழு வருடம் எல்லாப் பாலத்திலும் நான் ஊற்றிக்கொண்டே இறங்கியிருக்கிறேன், மிச்சம் பிடிக்கிறோம் என்ற பெருமையோடு.

அப்புறம் என் ஒன்பது வாசல். ஒவ்வொரு வீட்டிலும் இன்ஜினை அணைக்காமல் விட்டுவிட்டுத்தான் கேரியரைக் கொடுப்பேன். கொடுத்தால் உடனே விடுவார்களா? உப்பு கம்மி, நேற்று பூசணிக்காய் வேகவில்லை, மகன் போன் பண்ணினான், எல்லாம் கேட்க வேண்டும். வாசலுக்கு ஐந்து நிமிடம். தினமும் முக்கால் மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே குடித்திருக்கிறது. அணைக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் உத்தர வீதியில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கோபித்துக்கொண்டார்.

"வாசல்ல வண்டி சப்தம் கேட்டாத்தானேம்மா அடியேன் எழுந்துப்பேன். நேத்திக்கு நீ வந்ததே தெரியலை. சாதம் ஆறி அவலாயிடுத்து."

"மணி அடிச்சேனே சாமி."

"மணி தினம் பத்து பேர் அடிக்கறா. அந்த கடகட சப்தம் ஒன்னோடது மட்டும்தானே."

அந்தக் கடகட சத்தம்தான் ஒட்டிக்கொண்ட பிரேக் என்று அவரிடம் சொல்லவில்லை. அதிலிருந்து அவருக்கு மட்டும் இரண்டு தடவை ஹார்ன்.

சுற்றுகிற வரிசையையும் மாற்றினேன். இடது பக்கமாகவே திரும்பும்படி, ஒரே சந்தில் இரண்டு தடவை நுழையாதபடி. காய்கறி வாங்க காவிரிப் பாலம் தாண்டுவதைக் காலை ஆறு மணிக்கு வைத்தேன், பஸ்களுக்குப் பின்னால் ஊர்கிற நேரத்தை விட்டுவிட்டு. பாயிடம் போவதற்கு முந்தின வாரம் நானே ஊற்றிப் பார்த்தபோது ஊருக்குள் பன்னிரண்டு கொடுத்தது. ஐந்து வாரத்தில் பதினைந்து. அந்தப் பன்னிரண்டுக்கு நான்தான் பொறுப்பு. எலி, காற்று, கால், எல்லாம் என் தப்பு. யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் ஒன்பதரை எங்கிருந்து வந்தது? நெரிசலில் நின்று நின்று போனபோதே பன்னிரண்டு கொடுத்த வண்டி, நேரான ரோட்டில் எப்படி ஒன்பதரை கொடுக்கும்? எனக்குப் பிடிபடவில்லை. பிரேக்தான் காரணம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊருக்குள்ளும் அதே பிரேக்தானே ஒட்டியிருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. கொழுந்தனார் பார்த்தபடியே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதே பங்கு, அதே தொட்டியம், அதே நூற்று நாலு. பங்காளி வீட்டில் தார் வாங்கிவரவும் ஒரு வேலை இருந்தது. வீட்டுக்காரர் முன்சீட்டில். குழாய் டக்கென்று நின்றது. மீட்டரைப் பார்த்துக்கொண்டேன். கொழுந்தனாரின் துல்லியம் எனக்கும் வேண்டுமே. இறங்கி, கூரையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தேன். பெட்ரோல் போடுகிற பெண், "அக்கா, ஆட்டாதீங்கக்கா, வழிஞ்சா எனக்குத்தான் திட்டு" என்றாள். கொஞ்சம் கொஞ்சமா விடும்மா என்றேன்.

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ஏய், இப்ப எதுக்கு ஆட்டுற?"

"மைலேஜ் பாக்கத்தாங்க."

"அதுக்குப் போறப்ப ஆட்டக்கூடாது. திரும்பி வந்தப்புறம்தான் ஆட்டணும்."

கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"தம்பி அன்னைக்கு அப்படித்தானே பண்ணினான். காலையில நின்னதும் போதும்னு மூடிட்டான். சாயங்காலம்தான் ஆட்டினான். தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி ஆட்டினான், எனக்கு மயக்கமே வந்திருச்சு."

கண் தெரியாதவருக்கு மீட்டர் தெரியாது. ஆனால் உட்கார்ந்திருக்கிற சீட் ஆடியதா இல்லையா என்று தெரியும். இவ்வளவு நாள் அவர் சொல்லவில்லை, ஏனென்றால் மைலேஜ் பார்ப்பது அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். தம்பி செய்தால் அதுதான் முறை.

நான் ஆட்டி முடித்தேன். டக்கென்று நின்றதற்குப் பிறகு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தேன். நாலு லிட்டர். அந்தப் பெண்ணும் பார்த்தாள். "பாத்தீங்களாக்கா, எவ்வளவு எடம்" என்றாள்.

காலையில் ஆட்டாமல் நிரப்பி, மாலையில் ஆட்டி நிரப்பினால், அந்த நாலு லிட்டரும் வண்டி குடித்ததாகக் கணக்கில் விழும். பதினொன்றில் நாலைக் கழித்தால் ஏழு. நூற்று நாலை ஏழால் வகுங்கள். பதினைந்துக்கு ஒரு நூல் கீழே. ஐந்து பேர், ஆறு தார், நாலு பெட்டி டைல்ஸ், ஒட்டிய பிரேக், அடைத்த ஃபில்டர், சப்பிய டயர், இத்தனையோடும் அந்த வண்டி அன்றைக்கு ஏறக்குறைய பதினைந்து கொடுத்திருக்கிறது. அதைத்தான் லாரி என்றார்கள். அதற்குத்தான் என் மகன் சிரித்த பொம்மை போட்டான்.

தொட்டியம் போய் வந்தேன். இந்தத் தடவை போகும்போது ஆட்டியதால் வந்த பிறகும் ஆட்டினேன். ஆட்டினால் இரண்டு தடவையும் ஆட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடவையும் ஆட்டக்கூடாது. இது புரிய பெரிய படிப்பு வேண்டாம். பிடித்தது ஐந்தே முக்கால் லிட்டர். பதினெட்டு. இரண்டு பேர்தான் போனோம், தார் நாலுதான், ஏ.சி. பாதி நேரம்தான் போட்டேன், அதற்காக வேண்டுமானால் ஒன்றோ இரண்டோ கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, காதுகுத்துக்குப் போன அன்னைக்கு, காலையில வண்டியை ஆட்டுனீங்களா?"

"எதை?"

"வண்டியை. பங்குல."

சிரித்தார். "ஆட்டுனதுக்கெல்லாமா அண்ணி போன் போடுவீங்க? யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"உங்க அண்ணனுக்கு ஞாபகம் இருக்கு. காலையில ஆட்டல, சாயங்காலம்தான் ஆட்டுனீங்களாம்."

"அண்ணனுக்குக் கண்ணே தெரியாது, அவர் என்னத்தைப் பாத்தாரு. விடுங்க அண்ணி. பழைய வண்டி. அது பத்து குடுத்தா என்ன, பதினைஞ்சு குடுத்தா என்ன?"

பத்து கொடுத்தால் விற்க வேண்டும், பதினைந்து கொடுத்தால் விற்க வேண்டாம். அதுதான் என்ன.

அண்ணனுக்குக் கண் தெரியாது என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் போனது. அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு மீட்டர் போட்டோ, நாலு லிட்டர், ஏழு, வகுத்தல், என் எலி, என் டயர், எதையும் விடவில்லை. காலை எட்டு மணிக்குப் போட்டேன். எட்டு ஐந்துக்குக் கொழுந்தனாரிடம் இருந்து ஒரு ரோஜாப்பூ படம் வந்தது. "இனிய காலை வணக்கம்." அதற்குப் பின்னால் பதினொரு பேர் கையைக் கூப்பிக் காலை வணக்கம் போட்டார்கள். நான் எழுதியது மேலே போய் மறைந்துவிட்டது. ஒன்பதரையைப் படித்த நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தர்கூட ஏழு லிட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. என் மகன் மட்டும் தனியாகப் போன் பண்ணி, "எதுக்கும்மா குரூப்ல போட்ட, சித்தப்பாவுக்குச் சங்கடமா இருக்கும்ல" என்றான். எனக்குச் சங்கடம் குழுவில் வந்தபோது அவன் சிரித்தான். அதை அவனிடம் சொன்னேன்.

புது வண்டி வந்துவிட்டதாக நேற்று ஆள் வந்தது. விற்பனைக் காகிதம், பேனா, எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் குறி. என் வீட்டுக்காரர் காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தார். மடித்து வைத்தார்.

"தம்பிகிட்ட ஒண்ணு சொல்லுங்க" என்றார் வந்தவரிடம். "ரெண்டு தடவையும் ஆட்டினேன்னு அவன் எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். சொன்னா அங்கேயே போட்டுத் தரேன், பேனா நான் கொண்டு வரேன்."

வரும் ஞாயிற்றுக்கிழமை எடமலைப்பட்டி புதூரில் கொழுந்தனார் மாடிக்குப் பால் காய்ச்சுகிறார். குழுவில் இருக்கிற எல்லோரும் வருவார்கள், தொட்டியத்தில் இருந்து வேன் வைத்து வருகிறார்கள். நானும் வருவேன், என் வண்டியில், என் வீட்டுக்காரரோடு. டைல்ஸ் நாலு பெட்டியையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு வருவேன். அன்றைக்கு மட்டும் வண்டி கொஞ்சம் அதிகம் குடிக்கட்டும்.

தம்பி, வளைகாப்புப் பந்தியில் வாளியைப் பிடித்துக்கொண்டு பேசிய வாய்தானே உங்களுடையது. ஞாபகம் இல்லை என்று சொல்லாதீர்கள். ரோஜாப்பூ அனுப்பாதீர்கள். தெரியாமல் செய்திருந்தால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லுங்கள், அதோடு நான் விட்டுவிடுவேன். தெரிந்து செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பால் பொங்கி முடிந்ததும், பந்திக்கு முன்னால், அந்த நாற்பத்து மூன்று பேர் காதிலும் விழுகிற மாதிரி, உங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்றைக்குக் காலையில் வண்டியை ஆட்டினீர்களா, இல்லையா?